எல்லை திறந்திருப்பது நமக்கு. நம் வண்டிக்கு அன்று

திருவரங்குளத்தார்க்கு எல்லை என்பது புதிய செய்தியன்று. 1948 மார்ச் 3 வரை எங்கள் ஊர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கிழக்கே பட்டுக்கோட்டைக்குப் போனவர்கள் வேற்று அரசின் மண்ணுக்கே போய் வந்தார்கள். இன்று எங்கள் ஊரன்பர்கள் சிலர், சொந்தக் காரிலேயே நேபாளத்து முக்திநாத் சென்று சாளக்கிராமத் திருப்பதியைச் சேவிக்க விரும்புகிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். அவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது சில.

இந்தியர்க்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. அதனாலேயே பலர் ஏமாந்து போகின்றனர். எல்லை திறந்திருப்பது மனிதர்க்குத்தான். காருக்கு, சுனௌலி எல்லையைக் கடந்ததும் நேபாளச் சுங்கச் சாவடியில் 'பன்சார்' என்னும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் நாட்கணக்கில். மலைச்சாலை தாமதப்படுத்தும், ஆதலின் ஒருநாள் கூட்டியே வாங்குக. திரும்புகையில் அதனை ஒப்படைக்க மறவாதீர். பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் மூலப்படிகள் கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பாது, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கொண்டு செல்க. செலவுக்கு நூறு ரூபாய்த் தாள்களே பாதுகாப்பு.

எல்லாவற்றினும் முதன்மையானது காப்பீடு. நம் வாகனக் காப்பீடு பொதுவாக இந்திய எல்லையோடு நின்றுவிடும். கூடுதல் பிரீமியம் செலுத்தி, நேபாளத்தையும் சேர்த்து எழுத்தில் வாங்கிய பின்னரே புறப்படுக. வாய்ச்சொல் போதாது.

இங்கே எங்கள் கருத்தொன்றையும் சொல்லிவிடுகிறோம். காரைப் போக்ராவில் நிறுத்திவிட்டு, அப்பால் உள்ளூர் ஜீப்பில் செல்வதே நன்று. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் உள்ளது; சமவெளியில் பழகிய கைகளுக்கு அச்சாலை அந்நியம். சந்நிதி வாசல்வரை சொந்த வண்டியில் போனோம் என்பதில் ஒரு பெருமிதம் இருக்கலாம். ஆனால் 2024 ஆகஸ்டு 23 அன்று, போக்ராவிலிருந்து காத்மாண்டு சென்ற இந்தியப் பேருந்தொன்று மர்ஸ்யாங்தி ஆற்றில் விழுந்தது. மராட்டிய யாத்திரிகர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்திய மாதம், திரிசூலி ஆற்றங்கரைச் சாலையில் நிலம் சரிந்து இரு பேருந்துகளை அடித்துச் சென்றது. இரண்டும் மழைக்காலத்தில் நேர்ந்தவை. ஆனி முதல் புரட்டாசி வரை பயணத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

பெருமாள் காத்திருப்பார். வீட்டில் உள்ளோரும் நம் வரவுக்காகவே காத்திருக்கிறார்கள்.