எத்தனை அங்குலம் தூக்கலாம்?

பிக்கப் வண்டியை எத்தனை அங்குலம் தூக்கலாம், எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் கேட்கிறார்கள். பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பிரிங் பட்டையும் டயரும் பார்த்தவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. தேனி மாவட்டத்தில் தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஓடுகிற வண்டியைத் தூக்கவே வேண்டாம் என்பதுதான் அது. டயரை வேண்டுமானால் ஒரு படி உயர்த்திக்கொள்ளுங்கள், அதுவும் கம்பெனியே அந்த மாடலுக்குக் கொடுக்கும் அளவுக்குள். அதைத் தாண்டினால் காசும் போகும், வண்டியின் குணமும் கெடும்.

கிழவன் பேச்சு என்று ஒதுக்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு முறை பாருங்கள். கல் எங்கே இடிக்கும்? பெரும்பாலான பிக்கப்களில் பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் கிரவுன் ஹவுசிங்தான் தரைக்கு மிக அருகில் இருக்கும். லிஃப்ட் கிட் என்று விற்கிறார்களே, நீளமான ஸ்பிரிங், பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை, நீண்ட ஷேக்கிள், இவை எல்லாம் பாடியையும் சேஸிஸையும்தான் மேலே தள்ளும். பின் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு அங்குலம் தூக்கினாலும் கிரவுனுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு நூல் கூடக் கூடாது. அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். லிஃப்ட் என்பது பெரிய டயர் ஃபெண்டரில் உரசாமல் இருக்க இடம் பண்ணித் தருகிற வேலை. ஆகவே டயரை முதலில் முடிவு செய்து, அதற்கு இடம் போதாவிட்டால் மட்டும் உயரத்தை யோசிக்க வேண்டும். கடைகளில் நடப்பது தலைகீழ். முதலில் நாலு அங்குலம் தூக்கிவிடுகிறார்கள். அப்புறம் சக்கரம் சின்னதாகத் தெரிகிறது என்று டயரை விற்கிறார்கள்.

சரி, டயருக்கு வருவோம். பக்கவாட்டில் 245/70 ஆர் 16 என்று அச்சிட்டிருந்தால், அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 171.5. மேலும் கீழும் சேர்த்து 343. பதினாறு அங்குல ரிம் 406. மொத்தம் ஏறக்குறைய 749 மில்லிமீட்டர். இப்போது பையன்கள் '33 டயர்' என்று ஆசைப்படுவது 285/75 ஆர் 16. அதையும் இதே மாதிரி கூட்டினால் 834 வருகிறது. வித்தியாசம் 85. இதில் பாதிதான் அச்சுக்கு அடியில் கிடைக்கும், சுமார் 42 மில்லிமீட்டர். அதாவது நாலு விரற்கடை கூட இல்லை. நாலு அங்குலம் தூக்கி, லட்சத்துக்கு மேல் செலவு செய்து, கிரவுனுக்குக் கிடைப்பது ஒன்றே முக்கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அந்த ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. டயர் 11 சதவீதம் பெரிதானால் எல்லா கியரும் 11 சதவீதம் நீளமாகிவிட்டது போல ஆகும். கிரவுன் பல் விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால், அது 3.68 மாதிரி நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இழுவை குறையும், அடிக்கடி கியரை இறக்கிப் போட வேண்டும், கிளட்ச் தேயும். இது எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மேலேயிருந்து லோடோடு இறங்குகிறவன் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை, இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிமானத்தை நம்பி இறங்குகிறான். பெரிய டயர் போட்டால் அந்தப் பிடிமானமும் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். பிரேக்குக்கும் இதே கதிதான். டிஸ்க்கும் டிரம்மும் பழைய அளவு, சக்கரம் பெரிது. பெடலை அதே அளவு மிதித்தால் சாலையில் கிடைக்கும் பிடி பத்தில் ஒரு பங்கு குறைவு. சக்கரம் ஒவ்வொன்றும் பத்துக் கிலோ வரை எடை கூடியிருக்கும், சுழல்கிற அந்த எடையையும் அதே பிரேக்தான் நிறுத்த வேண்டும். மலையில் ஓடுகிறவனுக்கு 42 மில்லிமீட்டர் பெரிதா, இறக்கத்தில் பத்து சதவீதம் பெரிதா?

ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 89-ல் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டர் காட்டியும் குறைத்துத்தான் காட்டும். 'டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது' என்று ஒருவர் அழுதார். பாதி நிஜம், பாதி மீட்டர்.

இன்னொரு விஷயம் பணிமனைக்காரர்களிலேயே பலர் கவனிக்காதது. சில பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் எண்ணெய்ப் பாதையில் லோடை உணரும் ஒரு வால்வு உண்டு. சேஸிஸில் இருக்கும், ஒரு கம்பி வழியாக அச்சோடு இணைந்திருக்கும். லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், கம்பி அசையும், பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தம் கூடுதலாகப் போகும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும். நல்ல ஏற்பாடு. இப்போது பின்பக்கத்தை நாலு அங்குலம் தூக்கினால் என்ன ஆகும்? ஒரு டன் தேங்காய் ஏற்றினாலும் வண்டி காலியாக இருக்கிறது என்றே அந்த வால்வு நினைக்கும். அந்தக் கம்பியைத் திருத்திப் பொருத்தினீர்களா என்று ஒரு கடையில் கேட்டேன். எந்தக் கம்பி என்று திருப்பிக் கேட்டார்கள்.

முன்பக்கம் வேறு கதை. ஆர்ம்கள் கீழ் நோக்கிச் சாய்வதால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் செங்குத்தாகிறது, ரப்பர் பூட் கிழிகிறது, கிரீஸ் வெளியே போய் மண் உள்ளே வருகிறது. பால் ஜாயின்ட் சீக்கிரம் ஆட ஆரம்பிக்கும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும். ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சாமான் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, அதற்கும் பில் இருக்கிறது.

வண்டி கவிழ்வதைப் பற்றிப் பேசினால் பயமுறுத்துகிறேன் என்கிறார்கள். கணக்குக்காக, இரு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதி 78 சென்டிமீட்டர், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 78-ஐ 70-ஆல் வகுத்தால் 1.11. லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து அந்த மையத்தை 83-க்குக் கொண்டுபோனால் 0.94. வளைவில் சாயாமல் நிற்கும் திறனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. இது காலி வண்டிக்கு. மேலே மூட்டை அடுக்கினால் இன்னும் மோசம். அகல ரிம் போட்டால் சரியாகிவிடும் என்பது கடைக்காரர் பதில். கொஞ்சம் சரியாகும்தான். ஆனால் சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங்கின் மேல் பளு ஏறும்.

இனி, வண்டியே வைத்திராத நம்மைப் போன்றவர்களின் வழக்கு. முன்பக்கத்தை மட்டும் இரண்டு அங்குலம் தூக்கி 'லெவல்' பண்ணுவது என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் மூன்று மீட்டர். முன்னால் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால் ஹெட்லைட்டின் ஒளி முப்பது மீட்டர் தூரத்தில் அரை மீட்டர் மேலே ஏறிவிடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் விழும். அவன் டிம் போட்டிருக்கிறேன் என்று சத்தியம் செய்வான், அதுவும் உண்மைதான். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு, ராத்திரி வத்தலக்குண்டு ரோட்டில் டிவிஎஸ்ஸில் வருகிற அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த இரண்டு வினாடி குருட்டுத்தனம் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பின்பக்கத்தைவிட முன்பக்கத்தை நாலு அங்குலமோ அதற்கு மேலோ தூக்கி வைக்கும் பாணியை 2021-ல் சட்டம் போட்டே தடுத்தார்கள். தூக்கிய வண்டிகளுக்குத் தாய்வீடே அந்த நாடுதான்.

நம் நாட்டுச் சட்டமும் ஒன்றும் தூங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். செக்போஸ்டில் யாரும் பிடிப்பதில்லை என்கிறார்கள். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் டேப்போடு வருவார், அவர் பிடிப்பார்.

என் தம்பி மகன் ஒருவன் இருக்கிறான். குரங்கணிக்கு மேலே கொஞ்சம் மிளகும் காப்பியும், கீழே மாந்தோப்பும். பழைய பிக்கப் ஒன்று வாங்கினான். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எஸ்டிமேட்டோடு வந்து நின்றான்.

"பெரியப்பா, ஐஸ்லாந்துல 38 இன்ச் டயர்ல ஓட்டுறாங்க. அவங்கெல்லாம் முட்டாளா?"

"அவங்க பனி மேல ஓட்டுறாங்கப்பா. நீ எது மேல ஓட்டப் போற?"

ஐஸ்லாந்துக்காரர்கள் செய்வதில் தப்பே இல்லை. டயரில் காற்றை மிகவும் குறைத்து, பனியின் மேல் மிதக்கிற மாதிரி போகிறார்கள். அதற்கு அந்தப் பருமன் வேண்டும். ஆனால் அவர்கள் டயரோடு நிறுத்துவதில்லை. கிரவுன் பல் விகிதத்தையும் மாற்றுகிறார்கள். மாற்றிய வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவு செய்கிறார்கள். நம் பையன் படத்தில் பார்த்தது டயரை மட்டும்.

அவனிடம் நான் சொன்ன வேறொன்று போடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஏலத் தோட்டங்களுக்கு ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போன பழைய மகிந்திரா ஜீப்புகள் எந்த டயரில் ஏறின? 6.00-16. ஆறு அங்குல அகலம். இன்றைக்குப் பார்த்தால் சைக்கிள் டயர் மாதிரி இருக்கும். அந்த ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும். லோ கியர் இருந்தது, வண்டி குட்டை. எந்த ஜீப்பையும் யாரும் தூக்கவில்லை. டிரைவர் இறங்கி நின்று கல்லைப் பார்த்து, எந்தச் சக்கரத்தை எதன் மேல் ஏற்றுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் ஏறி உட்காருவார். அகலமான பட்டன் டயரை ஈரத் தார்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது எப்படிக் கூத்தாடும் என்று தெரியும். இவன் வண்டி ஓடுவதில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச் சாலைதானே.

கடைசியில் அவனை யோசிக்க வைத்தது என் கணக்கு எதுவும் இல்லை. "அம்மாவைப் பெரியகுளத்துக்கு முட்டி வலிக்குக் கூட்டிப்போறியே, எப்படி ஏத்துவ?" என்று கேட்டேன். அந்த வண்டியில் இப்போதே என் தம்பி மனைவி ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் மகன் தோளையும் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள். இன்னும் அரை அடி உயர்ந்தால் ஸ்டூல் வேண்டும். பக்கவாட்டுப் படி போடலாம் என்றான். படி போட்டால் அதுவே கல்லில் இடிக்கும். இடிக்கிறது என்றுதானே தூக்கக் கிளம்பினான்.

பிறகு வண்டியின் அடியில் இருவரும் பார்த்தோம். பின் பட்டைகள் முழுக்கத் தளர்ந்து ஏறக்குறைய நேராகப் படுத்திருந்தன. இரண்டு பட்டையில் விரிசல். பழைய சொந்தக்காரர் செங்கல் ஏற்றியிருப்பார் போல. வண்டி தாழ்ந்து போனதற்குக் காரணம் இதுதான். இவன் அதைக் கம்பெனி செய்த குறை என்று நினைத்துவிட்டான். பட்டை செட்டை மாற்றி, ஷாக் அப்சார்பர் நாலும் புதிதாகப் போட்டு, சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் பின்பக்கம் நாலு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. ஹவுசிங் உயரவில்லை, உயரவும் உயராது. ஆனால் லோடு ஏற்றும்போது சேஸிஸ் அச்சில் போய் முட்டுவது நின்றுவிட்டது. இடித்த இடத்தைத் தேடிப் பார்த்தோம், கிரவுனில் காயமே இல்லை. பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஸ்பேர் வீல் தாங்கிதான் இடித்திருக்கிறது. அதை இறுக்கிக் கட்ட எண்பது ரூபாய்.

டயர் இன்னும் வாங்கவில்லை. அவன் வண்டியின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே கொடுப்பது 255/60 ஆர் 18. கூட்டிப் பார்த்தால் 763 மில்லிமீட்டர், பழையதைவிட 14 கூடுதல், அதாவது அச்சுக்கு அடியில் 7. இதற்காகப் பதினெட்டு அங்குல ரிம்மும் சேர்த்து வாங்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், அதே 245/70-ல் தார்ச் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ரகம் ஒன்று வாங்கு, பளு தாங்கும் எண் பழையதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள் என்றிருக்கிறேன். மாங்காய் சீசன் பணம் வந்ததும் பார்க்கலாம் என்கிறான்.