கோலுக்குப் பின்னால் உயரும் கைகள்: மத்தியஸ்தர் எதைத் தண்டிக்க வேண்டும்?

2018 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் சுவிற்சர்லாந்தும் சேர்பியாவும் மோதிய ஆட்டம் ஜூன் 22ஆம் திகதி ரஷ்யாவின் கலினின்கிராட் நகரில் நடைபெற்றது. ஐந்தாவது நிமிடத்திலேயே சேர்பியா முன்னிலை பெற்றது. 52ஆவது நிமிடத்தில் கிரானிட் ஷாக்கா கோல் அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். 90ஆவது நிமிடத்தில் ஷெர்டான் ஷகிரி வெற்றிக் கோலை அடித்தார். இருவரும் கோல் அடித்த கையோடு செய்தது ஒன்றையேதான். கைகளை மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்து, பெருவிரல்களைக் கோத்து, மற்ற விரல்களைச் சிறகுபோல விரித்தார்கள். அது அல்பேனியக் கொடியில் இருக்கும் இரட்டைத்தலைக் கழுகு.

மூன்று நாட்கள் கழித்து பீபாவின் ஒழுக்காற்றுக் குழு தீர்ப்புச் சொன்னது. ஷாக்காவுக்கும் ஷகிரிக்கும் தலா 10,000 சுவிஸ் பிராங்க் அபராதம். அவர்களோடு சேர்ந்து கழுகு காட்டிய அணித்தலைவர் ஸ்டெபான் லிச்ஸ்டைனருக்கு 5,000. விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை என்பதே குற்றச்சாட்டு. போட்டித் தடை விதிக்கப்படவில்லை.

கோல் அடித்தவன் எவ்வளவு தூரம் கொண்டாடலாம், எந்த இடத்தில் மத்தியஸ்தர் அட்டையைத் தூக்கலாம் என்ற கேள்வி பொழுதுபோக்குக்கான கேள்விபோலத் தெரியும். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஒரு கை அசைவை ‘ஆத்திரமூட்டல்’ என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இதன் அடியில் இருக்கும் கேள்வி. போருக்குள் வாழ்ந்து வந்த எங்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

சட்டப் புத்தகம் சொல்வது என்ன?

உதைபந்தாட்ட விதிகளின் 12ஆவது பிரிவு கொண்டாட்டத்தை அனுமதிக்கிறது. அளவு மீறக்கூடாது என்கிறது. மஞ்சள் அட்டை காட்டவேண்டிய செயல்களையும் அது பட்டியலிடுகிறது. மைதான வேலியில் ஏறுவது, பாதுகாப்புக்குப் பாதகமான விதத்தில் பார்வையாளர்களை நெருங்குவது, ஆத்திரமூட்டும் அல்லது ஏளனம் செய்யும் விதத்தில் நடப்பது, முகமூடி அணிவது, மேற்சட்டையைக் கழற்றுவது அல்லது அதனால் தலையை மூடுவது. பின்னர் கோல் செல்லாது என்று ஆனாலும் அட்டை அட்டைதான். கொண்டாடுவதற்காக மைதானக் கோட்டைத் தாண்டுவது மட்டும் தனியே குற்றமாகாது. விரைவாகத் திரும்பிவிட வேண்டும்.

இவற்றில் வேலியும் கூட்டமும் பற்றிய விதிகள் நியாயமானவை. நெருக்கியடித்து நிற்கும் சனத்தை நோக்கி வீரர் பாய்ந்தால் முன்வரிசையில் நிற்பவர் நசியக்கூடும். நேரத்தை வேண்டுமென்றே வீணடிப்பதும் எதிரணியைப் பாதிக்கும். இங்கெல்லாம் மத்தியஸ்தர் தன் கண்ணால் கண்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

மேற்சட்டை பற்றிய விதி அப்படியல்ல. 2010 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் 116ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் அந்திரே இனியெஸ்டா வெற்றிக் கோலை அடித்துவிட்டு மேற்சட்டையைக் கழற்றினார். உள்ளே இருந்த பனியனில், முந்தைய ஆண்டு இறந்துபோன சக வீரர் டானி ஹார்க்கேயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. மத்தியஸ்தர் மஞ்சள் அட்டை காட்டினார். விதிப்படி அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. செத்த நண்பனை நினைத்ததால் யாருக்கு என்ன கேடு வந்தது? இந்தக் கட்டாய அட்டை நீக்கப்பட வேண்டியது என்பது என் கருத்து.

சிக்கலானது ‘ஆத்திரமூட்டும்’ என்ற சொல். வேலி ஏறுவதைப் பார்க்கக் கண் போதும். ஆத்திரமூட்டலை அறிய வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அதை அறிந்து முடிவெடுக்க மத்தியஸ்தருக்குக் கிடைப்பது சில விநாடிகள் மட்டுமே.

படம் எங்கே தொடங்குகிறது?

ஊடகக் கற்கையில் எனக்கு முதலில் சொல்லித் தரப்பட்ட பாடங்களில் ஒன்று, ஒரு காணொளியைப் பார்த்தால் அது எங்கே முடிகிறது என்பதைவிட எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனி என்பது. கலினின்கிராட் ஆட்டத்தின் படம் உலகெங்கும் கோலிலிருந்தே தொடங்கியது.

அதற்கு முந்திய பகுதியைப் பார்ப்போம். ஷகிரி கொசோவோவின் ஜிலான் நகரில் பிறந்தவர். கைக்குழந்தையாகச் சுவிற்சர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். அந்த ஆட்டத்தில் அவருடைய ஒரு சப்பாத்தில் சுவிஸ் கொடியும் மற்றதில் கொசோவோ கொடியும் இருந்தன. ஷாக்கா சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை, யூகோஸ்லாவிய அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காக 1986இல் கைதாகி மூன்றரை ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 1998–99 கொசோவோ போரில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். கொசோவோ 2008இல் சுதந்திரப் பிரகடனம் செய்தது; சேர்பியா இன்றுவரை அதை ஏற்கவில்லை.

ஆட்டத்தின்போது இந்த இரு வீரர்களின் காலில் பந்து பட்டபோதெல்லாம் சேர்பிய ரசிகர்கள் ஊளையிட்டார்கள். ரசிகர்கள் காட்டிய பாகுபாடான பதாகைகளுக்காகவும் வாசகங்களுக்காகவும் சேர்பியச் சங்கத்துக்கு பீபா 54,000 பிராங்க் அபராதம் விதித்தது. ஆக, பார்வையாளர் பகுதியில் குற்றம் நடந்தது என்பதை பீபாவே ஒப்புக்கொண்டது. ஆனால் உலகம் பார்த்த படத்தில் அது இல்லை. படத்தில் இருந்தது, யாரும் தூண்டாமலே இரண்டு பேர் வம்புக்கு இழுத்தது போன்ற காட்சி.

எங்களுக்குத் தெரிந்த கதைதான் இது. வாயை அடக்கி வைத்திருந்தவன் கடைசியில் கையை உயர்த்தும்போதுதான் கமெரா திரும்புகிறது. அன்றைக்குத்தான் ‘சம்பவம்’ தொடங்கியதாக அறிக்கை எழுதப்படுகிறது.

மறுபக்கமும் ஒரு பக்கம்தான்

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவராவேன். 1999க்குப் பின்னர் கொசோவோவிலிருந்து பெருந்தொகையான சேர்பியர்கள் வெளியேற நேர்ந்தது. 2004 மார்ச் கலவரத்தில் அங்கு எஞ்சியிருந்த சேர்பியர்களின் வீடுகளும் தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. அப்படி வீடிழந்த ஒரு சேர்பியத் தாய்க்கு, ஷாக்காவின் கழுகு பெருமையின் சின்னமாகத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், சேர்பியாவின் அரச இலச்சினையில் இருப்பதும் இரட்டைத்தலைக் கழுகுதான்.

ஒருவரின் கொண்டாட்டம் மற்றவரின் நெஞ்சில் எப்படி இறங்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2009 மே மாதத்தில் தெற்கின் வீதிகளில் பாற்சோறு பகிர்ந்து, பட்டாசு கொளுத்தி, கொடி அசைத்தார்கள். அதே நாட்களில் எங்கள் சனம் முட்கம்பிக்குள் உறவுகளின் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தது. கொண்டாடியவர்களில் பலர் ‘போர் முடிந்தது’ என்றுதான் மகிழ்ந்திருக்கலாம். ஆனாலும் அந்த வெடிச்சத்தம் இங்கே வேறு விதமாகத்தான் கேட்டது. ஆகவே ‘நான் என் பெருமையைத்தான் காட்டினேன்’ என்ற பதில் மட்டும் போதுமென்று என்னால் ஏற்க முடியவில்லை. அது யார் சொன்னாலும் சரி.

ஒரே கை, வெவ்வேறு தராசு

பீபாவும் ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியமும் இதற்குச் சொல்லும் மருந்து, மைதானத்துக்குள் அரசியல் வேண்டாம் என்பது. எல்லாருக்கும் ஒரே விதமாக நடைமுறைப்படுத்தினால் அதில் ஓர் எளிமை இருக்கும். நடைமுறை அப்படி இருக்கவில்லை.

1997இல் லிவர்பூல் வீரர் ரொபி பௌலர், வேலையிழந்த துறைமுகத் தொழிலாளருக்கு ஆதரவான ரீசேர்ட்டைக் காட்டினார். 2,000 பிராங்க் அபராதம். 2009 ஜனவரியில் செவில்லா வீரர் பிரெடெரிக் கனூட்டே கோல் அடித்துவிட்டு ‘பலஸ்தீனம்’ என்று எழுதிய உட்சட்டையைக் காட்டினார். காசா மீது குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மஞ்சள் அட்டை கிடைத்தது. பின்னர் ஸ்பெயினில் அவருக்கு 3,000 யூரோ அபராதம் விதித்தார்கள்.

2020 மே 31இல் டோர்ட்முண்ட் வீரர்கள் ஜேடன் சாஞ்சோவும் அஷ்ரப் ஹகிமியும் ஜோர்ஜ் புளொயிட்டுக்கு நீதி கேட்கும் வாசகத்தை உட்சட்டையில் காட்டினார்கள். மேற்சட்டையைக் கழற்றிய சாஞ்சோவுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. தூக்கிக் காட்டிய ஹகிமிக்கு எதுவுமில்லை. அதற்குப் பின் ஜேர்மன் சங்கம் தண்டனை எதுவும் வழங்கவில்லை. இப்படிச் செய்யும் வீரர்களுக்குக் கைதட்டல்தான் கிடைக்க வேண்டும், தண்டனை அல்ல என்று பீபா தலைவர் ஜியானி இன்பன்ரினோவே சொன்னார். சரியான முடிவு. ஆனால் அந்த நியாயம் கனூட்டேக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை யாரும் விளக்கவில்லை. உலகம் ஏற்றுக்கொண்ட துயரத்துக்கு ஒரு சட்டம், ஏற்காத துயரத்துக்கு இன்னொரு சட்டம்.

இதைவிடக் கனமான உதாரணம் துருக்கி. 2019 ஒக்டோபர் 9இல் துருக்கி இராணுவம் வட சிரியாவில் குர்திஷ் படைகளுக்கு எதிராக நடவடிக்கையைத் தொடங்கியது. இரண்டு நாட்கள் கழித்து அல்பேனியாவுக்கு எதிரான ஆட்டத்திலும், 14ஆம் திகதி பிரான்சுக்கு எதிரான ஆட்டத்திலும் துருக்கி வீரர்கள் இராணுவ சல்யூட் அடித்துக் கொண்டாடினார்கள். சனங்கள் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில். விசாரணை நடந்தது, எந்த வீரருக்கும் போட்டித் தடை விதிக்கப்படவில்லை.

2024 ஜூலை 2இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஒஸ்திரியாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்த துருக்கி வீரர் மெரி டெமிரால், ‘சாம்பல் ஓநாய்கள்’ என்ற தீவிர தேசியவாத அமைப்பின் கைச்சைகையைக் காட்டினார். அவருக்கு இரண்டு போட்டித் தடை கிடைத்தது. துருக்கியனாக இருப்பதன் பெருமையைத்தான் காட்டினேன் என்றார் அவர். ஆனால் 1978இல் மராஷ் நகரில் 100க்கும் மேற்பட்ட அலவிகள் கொல்லப்பட்ட படுகொலையோடு தொடர்புபடுத்தப்படும் அமைப்பு அது. ஒஸ்திரியா அந்தச் சைகையையே சட்டத்தால் தடைசெய்திருக்கிறது. தடைக்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதி நாளில் பேர்லின் வீதியில் துருக்கி ரசிகர்கள் திரளாக அதே சைகையைக் காட்ட, பொலிஸார் ஊர்வலத்தையே நிறுத்தினார்கள். ஒரு கையைத் தடுக்கப்போய் ஆயிரம் கை உயர்ந்தது.

அதே போட்டித்தொடரில், சேர்பிய ரசிகர்களைப் பார்த்துக் கழுகு காட்டிய கொசோவோ ஊடகவியலாளர் ஒருவரின் அனுமதி அட்டையும் பறிக்கப்பட்டது. செய்தி சேகரிக்கப் போனவர் சைகை காட்டியதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இந்தச் சிக்கல் மைதானக் கோட்டுக்குள் மட்டும் நிற்பதில்லை என்பதை அது காட்டுகிறது.

என்ன செய்யலாம்?

அரசியல் சைகையின் பொருளைத் தீர்மானிக்கும் சுமையை மத்தியஸ்தரின் தோளில் ஏற்றக்கூடாது. அவர் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: வீரர் எதிரணி ரசிகர்களின் முகத்துக்கு நேரே போய் அதைச் செய்தாரா? ஆம் என்றால், சின்னம் எதுவானாலும் மஞ்சள் அட்டை. அது கலவரத்தைத் தடுப்பதற்கான அட்டை. தன் ஆட்களைப் பார்த்தோ தன் சக வீரர்களோடு நின்றோ செய்தால் ஆட்டம் தொடரட்டும்.

ஆட்டத்துக்குப் பின்னர் விசாரிக்கும் குழு மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். பதில்களைப் பகிரங்கமாக எழுதட்டும். முதலாவது, சைகை கொண்டாடுவது ஒரு மக்களின் இருப்பையா, இன்னொரு மக்கள் மீதான வன்முறையையா? இரண்டாவது, அந்த வீரர் மீது அதற்கு முன்னர் என்ன எறியப்பட்டது? மூன்றாவது, இதே போன்ற சைகையை நேற்று இன்னொருவர் செய்தபோது நாம் என்ன செய்தோம்?

இந்தக் கேள்விகளின்படி பார்த்தால் ஷாக்காவுக்கும் ஷகிரிக்கும் அதிகபட்சம் ஒரு மஞ்சள் அட்டை. ஷகிரிக்கு அது மேற்சட்டையைக் கழற்றியதற்காக அன்றைக்கே கிடைத்துவிட்டது. கனூட்டேக்கும் பௌலருக்கும் அபராதம் தேவையில்லை. 2013இல் ஏதென்ஸில் கோல் அடித்துவிட்டு நாசி சல்யூட் அடித்த யோர்கோஸ் கட்டிடிஸை கிரேக்கச் சங்கம் தேசிய அணிகளிலிருந்து வாழ்நாள் முழுவதும் தடைசெய்தது. கடுமையான தண்டனை, ஆனால் காரணம் தெளிவானது. டெமிராலுக்கான தடையும் நியாயமே. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, ஓர் அரசின் படைநடவடிக்கைக்கு சல்யூட் அடித்தவர்களுக்கும் அதே தடை விழுந்திருக்க வேண்டும். அப்போது விழவில்லை என்பதால்தான் இப்போது அதைப் பாகுபாடு என்று சொல்ல துருக்கி ரசிகருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

விளையாட்டு அதிகாரிகள் வரலாற்றாசிரியர்களா, இதையெல்லாம் அவர்கள் எப்படித் தீர்மானிப்பது என்று கேட்கலாம். இப்போதும் அவர்கள் தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். புளொயிட்டுக்கும் கனூட்டேக்கும் இடையில் கோடு போட்டது வரலாறு தெரியாத கை அல்ல. காரணம் சொல்லத் தேவையில்லாத கை. காரணத்தை எழுத வைத்தாலே அந்தக் கை பாதி நிதானத்துக்கு வரும். சின்னங்களைப் பற்றிய எந்தச் சட்டத்துக்கும் இது பொருந்தும், மைதானத்துக்கு வெளியிலும்.