அப்பாவுக்கு வசனம் கேட்டது

காது மந்தமான அப்பாவையோ அம்மாவையோ சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் கூட்டிப் போவதென்றால் கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும், சகோதரிகளே. நம்ம திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இது நிறைய வீட்டுச் சங்கதி. தினம் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் இருந்தாலே நாளடைவில் காது கெட்டுவிடும். தறிக்குடோன் சத்தம் அதையும் தாண்டும். உள்காதில் இருக்கிற நுண்ணிய செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது.

என் அப்பா தறி ஓட்டினவர். டி.வி.யை எவ்வளவு சத்தமாக வைத்தாலும், "சத்தம் வருது அம்மணி, பேச்சுத்தான் வெளங்கல" என்பார். வாஸ்தவம்தான். ச, த, க மாதிரி எழுத்துக்களின் மெல்லிய ஒலிதான் இவர்களுக்கு முதலில் போகிறது. நாம் கத்தினால் இரைச்சல் கூடுமே தவிர, சொல் தெளியாது. இப்படியே இருந்தால் வீட்டில் அவரோடு பேச்சே குறைந்து போகும்.

1964 பொங்கலுக்கு வந்த பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' படத்தை, படமும் ஒலியும் டிஜிட்டலில் புதுப்பித்து 2012 மார்ச்சில் மறுபடி வெளியிட்டார்கள். அப்பாவைக் கூட்டிப் போனோம். கல்யாணத்துக்கு முன்னாடி அவர் பார்த்த படம். கதை தெரியும். சிவாஜி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார், திரையில் உதடும் பெரிசாகத் தெரிகிறது. போர்க்களத்தில் கர்ணன் சாய்ந்து கிடக்க, கண்ணனாக என்.டி. ராமராவ் வருகிற இடத்தில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இடையில் ஒரு தடவைகூட "என்ன சொல்றான்?" என்று கேட்கவில்லை.

அப்புறம் ஓட்டலுக்குப் போனால், அங்கே பாத்திரச் சத்தம், கொத்து பரோட்டா தட்டுகிற சத்தம். அப்பா எல்லாத்துக்கும் சும்மா தலையாட்டினார். மூலையில் ஒரு மேஜைக்கு மாறி, அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் வருகிற மாதிரி உட்கார வைத்து, என் முகத்தில் வெளிச்சம் விழுகிறபடி நான் எதிரே உட்கார்ந்தேன். அவ்வளவுதான்! அந்தக் காலத்தில் எந்தக் கொட்டகை, யாரோடு, எத்தனை மைல் நடை என்று ஆரம்பித்து விட்டார். கல் தோசை ஆறியே போச்சு!

காது கேட்கலைன்னா முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சில சமயம் அழுக்கு அடைத்திருக்கும், அவ்வளவுதான். ஹேர்பின் போட்டுக் குடையாதீங்க! ஆடியோகிராம் எடுத்துப் பார்த்துத்தான் காது மிஷின் வாங்க வேண்டும். தியேட்டரில் அதன் சத்தத்தைக் குறைத்து வைக்கணும். கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்பீக்கர் பக்கத்து சீட் வேண்டாம், பிஞ்சுக் காது தாங்காது.

ஓட்டலுக்கு ஏழு மணிக்கு முன்னாடியே போயிடுங்க. சனிக்கிழமை மட்டும் வேண்டாம். பனியன் கம்பெனி சம்பள நாள், உட்கார இடமே கிடைக்காது.