ஒரு சிறுமியிடம் கொடுத்த கணக்கு

கார்த்திகை மாத முன்னிரவில் திண்டிவனம் பக்கத்து மேல்சித்தாமூரில் மொட்டைமாடி ஏறித் தெற்கே பார்த்தால், பாதி உயரத்தில் மங்கலான சில நட்சத்திரங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தத் திசையில்தான் சுமார் 350 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஏபெல் 2744 என்ற விண்மீன் திரள் கொத்து இருக்கிறது. அதற்கும் வெகு பின்னால் ‘யுஎச்இசட்1’ என்ற இளந்திரள். பிரபஞ்சம் பிறந்து 47 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது புறப்பட்ட ஒளியைத்தான் அதிலிருந்து இன்று பெறுகிறோம். அந்தத் திரளுக்குள் ஒரு ராட்சதக் கருந்துளை இருப்பது 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. காட்டிக்கொடுத்தது, நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி. அப்படியொன்று இருக்கும் என்று முன்பே கணக்கிட்டுச் சொன்னவர் கோவையில் பிறந்த பிரியம்வதா நடராஜன்.

செத்த நட்சத்திரத்திலிருந்து பிறக்கும் கருந்துளை சிறியது. அது அவ்வளவு சீக்கிரம் கோடிக்கணக்கான சூரியன்களின் எடைக்கு வளர முடியாது. நட்சத்திரமே உருவாகாமல் பெரும் வாயு மேகம் நேரடியாகச் சரிந்தால், பத்தாயிரம் சூரிய எடைக்கு மேற்பட்ட வித்து கிடைக்கும் என்பது 2006இல் சக ஆய்வாளர் லொதாத்தோவும் பிரியம்வதாவும் முன்வைத்த கருத்து. யுஎச்இசட்1 அதற்கு வலுவான சான்று.

பிரியம்வதாவின் பாதை எம்ஐடி, கேம்பிரிட்ஜ், இன்று யேல் பல்கலைக்கழகம். வானியற்பியலில் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவான முதல் பெண் அவர். ஆனால், எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது டெல்லியில் அவர் பள்ளி மாணவியாக இருந்தபோது நடந்தது. நேரு கோளரங்கத்தின் இயக்குநர் நிருபமா ராகவனிடம் போய், ஏதாவது ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றார். நிருபமா அறிவுரை சொல்லி அனுப்பிவிடவில்லை. டெல்லி வானத்தின் மாதாந்திர நட்சத்திர வரைபடத்தைக் கணினியில் வரைய நிரல் எழுதச் சொன்னார். சிறுமி எழுதினாள். விண்மீன் திரள்களின் ஒளி வளைவதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கே வரைபடம் போட்டவரின் முதல் வரைபடம் அது.

நம் பிள்ளைகளுக்கு இப்படி யார் கணக்குக் கொடுக்கிறார்கள்? பள்ளிகளில் அறிவியல் சோதனைகள் செய்து காட்டும் வானவில் மன்றம் 2022இல் வந்தது, நல்ல திட்டம். ஆனால், அந்தச் சோதனையின் விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். அறிவியல் கண்காட்சிக்கோ தெர்மோகோல் மாதிரியை அப்பாக்கள்தான் ஒட்டுகிறார்கள். பெண்பிள்ளை என்றால், இருட்டில் மாடிக்குப் போகவே தடை.

பிள்ளைகளிடம் அப்படிக் கணக்குக் கொடுப்பது மேல்சித்தாமூருக்குப் பொருந்தாத ஆசையல்ல. ஓலைச்சுவடிகளைக் காத்துவந்த சமண மடத்து ஊர் இது. பிரபஞ்சத்தையே நாவலந்தீவு, அதைச் சூழ்ந்த கடல் என்று வட்டம் வட்டமாக வரைந்து பார்த்த மரபு அது. திண்டிவனத்து வெளிச்சம் இன்னும் இந்த வானத்தை முழுதாக விழுங்கவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் இப்படிக் கேட்கலாம்: பொங்கல் சமயம் இரவு எட்டு மணிக்குமேல் உன் வீட்டு உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் நிற்கிறது. தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வரும். பத்து நாள் கழித்து எத்தனை மணிக்கு அங்கே இருக்கும்? முதலில் நோட்டில் போடு, அப்புறம் பள்ளிக் கணினியில். அன்றைக்கு அம்மாவையும் மாடிக்குக் கூட்டிப்போய்ச் சரிபார்.