கத்திக்குக் கிடைத்த முதலீடு

2018 அக்டோபரில் 'ஹாலோவீன்' என்ற ஹாலிவுட் படம் வெளியானது. 1978ல் இதே பெயரில் வந்த படத்தின் தொடர்ச்சி இது. முகமூடி அணிந்த ஒருவன் கத்தியோடு அலைந்து காரணமே இல்லாமல் கொன்று குவிக்கிறான். அன்று அவனிடமிருந்து தப்பிய பெண், 40 ஆண்டுகளுக்குப் பிறகு பாட்டியாகி, மகளையும் பேத்தியையும் சேர்த்துக்கொண்டு அவனை எதிர்கொள்கிறாள். சுமார் 1 கோடி டாலரில் எடுக்கப்பட்ட படம், 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2021லும் 2022லும் அடுத்த பாகங்களும் வந்துவிட்டன.

இந்த ரத்தக்களரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சகோதரர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

1978ல் அந்த முதல் படத்திற்குச் சுமார் 3 லட்சம் டாலர் முதலீடு கொண்டுவந்தவர் ஒரு முஸ்லிம். பெயர் முஸ்தபா அக்காத். 1930ல் சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்தவர். தந்தை கொடுத்த 200 டாலரோடும் ஒரு குர்ஆன் பிரதியோடும் அமெரிக்கா சென்று சினிமா படித்தவர்.

இஸ்லாத்தின் ஆரம்ப வரலாற்றை, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்டாமல் சொன்ன 'தி மெசேஜ்' (1976) படத்தை இயக்கியவரும் இவரே! இத்தாலிய ஆதிக்கத்தை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய உமர் முக்தாரின் வரலாற்றை 1981ல் திரைக்குக் கொண்டு வந்தவரும் இவரே!

'தி மெசேஜ்' எடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு பாதியில் நின்றது. லிபியா இடம் கொடுத்த பிறகே படம் முடிந்தது. அடுத்து சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியின் வரலாற்றைப் படமாக்கப் பல ஆண்டுகள் முயன்றார். பணம் திரளவில்லை. கத்திப் படமோ 2002க்குள் 8 பாகங்கள் கண்டது. எல்லாவற்றின் தயாரிப்பிலும் அவர் இருந்தார். 2018 படத்தின் தயாரிப்பாளர்களில் அவருடைய மகனும் ஒருவர்.

2005 நவம்பர் 9 அன்று ஜோர்டானின் அம்மான் நகரில் 3 ஓட்டல்களில் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அதில் அக்காதும் அவருடைய மகளும் பலியானார்கள். செய்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள்! நபிகளாரின் செய்தியை உலகுக்குச் சொல்ல முயன்றவரை மேற்குலகம் கொல்லவில்லை. நம் மார்க்கத்தின் பெயரைத் திருடியவர்களே கொன்றார்கள். சலாஹுத்தீன் படமும் அவரோடு முடிந்துபோனது.

சினிமாவே கூடாது, பிறகென்ன பேச்சு என்று சிலர் சொல்லலாம். அது உலமாக்கள் பேச வேண்டிய விஷயம். ஆனால் நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் செல்போனில் கத்தியும் ரத்தமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த நேரத்திற்கு நாம் கொடுக்கும் மாற்று என்ன?

வியாபாரச் சகோதரர்களே! லாபம் வரும் இடத்தில் முதலீடு செய்வது உங்கள் தொழில். அதைக் குறை சொல்லவில்லை. ஒரு நாள் வலீமாவுக்கு லட்சங்களை இறைக்கும் நாம், நம் வரலாற்றைச் சொல்லும் ஒரு புத்தகத்திற்கோ, பத்திரிகைக்கோ, ஆவணப்படத்திற்கோ எவ்வளவு கொடுத்திருக்கிறோம்? நம்மைப் பற்றி மற்றவர்கள் தவறாகக் காட்டுகிறார்கள் என்று கொதிக்கிறோம். சரியாகக் காட்ட முன்வந்தவர் பணம் கேட்டு அலைந்தபோது இந்த உம்மத்தின் செல்வந்தர்கள் எங்கே இருந்தார்கள்?

இளைஞர்களே! கேமராவும் எழுத்தும் கற்றுக்கொள்ளுங்கள். செல்வந்தர்களே! கற்றவர்களுக்குக் கை கொடுங்கள். அடுத்து ஒரு அக்காத் நம்மிடையே எழுந்தால், அவர் வயிற்றுப்பாட்டுக்குக் கத்தியை நம்பி இருக்கக் கூடாது.