பட்டினி மருந்தாகாது



மும்பையின் லோக்கல் ரயில்களில் கழிப்பறை இல்லை. ஆகவே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் சகோதரிகளில் சிலர், வழியில் வயிறு கலங்குமோ என்றஞ்சி வெறும் வயிற்றோடு மருத்துவமனைக்குப் புறப்படுகிறார்கள். இப்பழக்கம் தீங்கானது.

இச்சிகிச்சை பொதுவாக வாரத்திற்கு 5 நாட்களாக ஏறத்தாழ 5 வாரங்கள் நடைபெறும். அடிவயிற்றில் பாயும் கதிர்கள் குடலின் உட்சவ்வையும் புண்படுத்துவதால், இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு தோன்றலாம். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் அது தணியும். அதுவரை உண்ணாதிருந்தால் எடை குறைந்து, சோர்வு மிகுந்து, சிகிச்சையே தடைப்படக்கூடும். தடைப்பட்டால் அதன் பலனும் குறையும்.

எனவே சிறிது சிறிதாக 5, 6 வேளை உண்ணுங்கள். இட்லி, குழைந்த சோறு, பாசிப்பருப்பு, அவித்த முட்டை, காரம் குறைந்த மீன் குழம்பு, வாழைப்பழம் ஆகியவை ஏற்றவை. பொரித்தவற்றையும் மிளகாயையும் காபியையும் குறையுங்கள். பால் அருந்தியபின் உப்புசம் மிகுந்தால், சில நாட்கள் அதை நிறுத்திப் புதிய மோர் அருந்தலாம்.

நார்ச்சத்தை அறவே விலக்கவேண்டும் என்பது பழைய கருத்து. 2017இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், நார்ச்சத்தைக் கூட்டி உண்டவர்களுக்கே குடல் தொல்லை குறைவாயிருந்தது. உங்களுக்கு ஏற்ற அளவை மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் கேட்டறியுங்கள்.

வயிற்றுப்போக்கு உண்டானால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி பருகுங்கள். இரத்தம், காய்ச்சல், ஓயாத வாந்தி கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பயணத்திற்குமுன் உட்கொள்ளத்தக்க மாத்திரை உண்டா என்றும் அவரிடம் கேளுங்கள். மாற்றுடை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தார் உபவாசித்து ஜெபிக்கட்டும். சிகிச்சை பெறுகிறவரோ அந்நாட்களில் உண்ணவேண்டும். அது விசுவாசக் குறைவு அல்ல.

சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கடந்தும் குடல் தொல்லை வரலாம். பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமை, வைட்டமின் பி12 குறைவு போன்ற காரணங்களைக் கண்டறிந்து மருந்து கொடுக்க முடியும். "எல்லாம் முடிந்ததே, இனி யாரிடம் சொல்வது" என்று வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பழைய சிகிச்சைச் சீட்டோடு சென்று மருத்துவரிடம் மனந்திறந்து பேசுங்கள்.