புள்ளி வந்துருச்சும்மா!

இரவு நிகழ்ச்சி முடிந்ததும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பிவிடுவேன். நான் இருக்கும் இடம் தெரிந்தால் அவருக்கு நிம்மதி என்று நினைப்பு.

ஹசன் இலாஹி என்ற அமெரிக்கக் கலைஞரை 2002இல் டெட்ராய்ட் விமான நிலையத்தில் தடுத்து விசாரித்தார்கள். பயங்கரவாதியோ என்ற சந்தேகம். பல மாத எஃப்.பி.ஐ. விசாரணைக்குப் பின் குற்றமற்றவர் என்று விட்டார்கள். அதன்பிறகு அவரே தன் இருப்பிடத்தை வரைபடத்தில் ஊருக்கெல்லாம் காட்டத் தொடங்கினார். சாப்பிட்ட உணவு, படுத்த கட்டில் என ஆயிரக்கணக்கான படங்கள். அதுவே கலைப்படைப்பாகிவிட்டது. அத்தனையும் பார்க்கலாம், அந்த மனிதரின் மனசு மட்டும் பிடிபடாது.

போன வாரம் அம்மா சொன்னார்: “புள்ளி வந்துருச்சும்மா. நீ எப்படி இருக்க?”

அன்றிலிருந்து, காரை எடுக்கும் முன் அம்மாவிடம் பத்து நிமிடம் பேச்சு. புள்ளியெல்லாம் அப்புறம்தான்.